தலைக்காயம் ஆறிய பிறகும் தணியாத கோபம்

கேள்வி: என் கணவர் லாரிப் பட்டறையில் மெக்கானிக். சென்ற ஆண்டு பைக் விபத்தில் தலையில் அடிபட்டு, பல நாட்கள் ஐ.சி.யூ.வில் இருந்தார். இப்போது ஸ்கேனில் ஒன்றுமில்லை என்கிறார்கள். ஆனால், மிக்ஸி சத்தம் கேட்டாலே சாப்பாட்டுத் தட்டை வீசி எறிகிறார். மற்ற நேரமெல்லாம் குளிக்காமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். வேலைக்குப் போகாமலிருக்க நடிப்பதாக மாமியார் சொல்கிறார். இது மனநோயா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: நிச்சயமாக நடிப்பு அல்ல. சி.டி. ஸ்கேனில் ரத்தக்கசிவும் எலும்பு முறிவும் தெரியுமே தவிர, விபத்தின் வேகத்தில் மூளை குலுங்கும்போது அறுபடும் நுண்ணிய நரம்பிழைகள் பெரும்பாலும் தெரிவதில்லை. நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளையின் முன்பகுதி இத்தகைய விபத்துகளில் எளிதில் அடிபடுகிறது; கோபத்தை அடக்குவதிலும், எழுந்து ஒரு வேலையைத் தொடங்கச் செய்வதிலும் அதற்குப் பெரும் பங்கு உண்டென்பதால், வெடிக்கும் கோபமும் அசையாத மந்தமும் ஒருவரிடமே சேர்ந்து காணப்படலாம்.

1848-ல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், ரயில் பாதை வேலையின்போது இரும்புக் கம்பி மண்டையோடு மூளையின் இதே முன்பகுதியையும் துளைத்துச் சென்றும் உயிர் பிழைத்து, குணம் மாறிப்போன ஃபினியஸ் கேஜை, ‘இவர் பழைய கேஜ் இல்லை’ என்றார்கள் நண்பர்கள். மருத்துவ மாணவர்களுக்கு இதோடு கதையை முடித்துவிடுகிறோம். அவர் பின்னாளில் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்ததைச் சொல்வதில்லை.

உங்கள் கணவருக்கு மனச்சோர்வும் சேர்ந்திருக்கலாம். தலைக்காயத்துக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 559 பேரைக் கவனித்து 2010-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஓராண்டுக்குள் ஏறத்தாழ 53 சதவீதம் பேருக்குக் கடும் மனச்சோர்வு ஏற்பட்டிருந்தது. அவர் அழுகிறாரா, ‘நான் உங்களுக்குப் பாரம்’ என்கிறாரா, தூக்கமும் பசியும் கெட்டிருக்கின்றனவா என்று கவனியுங்கள். வருத்தமே இல்லாமல் வெறுமனே உட்கார்ந்திருந்தால் அது காயத்தின் மந்தமாக இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை வேறு.

டிஸ்சார்ஜ் சம்மரியுடன் மனநல மருத்துவரைப் பாருங்கள். மாமியாரும் உடன் வந்து கேட்பது நல்லது. மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள், அது குழப்பத்தைக் கூட்டக்கூடும். மது வலிப்பையும் வரவழைக்கலாம். சமையல் சத்தத்தை அவர் சாப்பிடும் நேரத்தில் தவிர்த்துவிடுங்கள்.

தலைவலி நாளுக்கு நாள் கூடினாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பியும் எழாமல் மயங்கிக் கிடந்தாலோ உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அவரைத் தனியே விடாதீர்கள். அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மனஸ் எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள்.