முதலில் டீ, அப்புறம்தான் கூடை: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் சிங்கப்பூர்ச் சாப்பாடு பற்றி எழுதும்போது டிம் சம், அதாவது டீயோடு சின்னச் சின்னக் கூடைகளில் வருகிற சீனப் பலகாரங்கள், என்று ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள் மேசையில் குவிந்துவிட்டன. மதுரையைச் சுற்றி மகனோ மகளோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கிற வீடுகள் நிறைய. அதனால் இந்த இதழின் பகுதி முழுக்க அதற்கே.

கேள்வி: மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். அடுத்த மாதம் நானும் அவங்க அப்பாவும் போகிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய பாணி கான்டனீஸ் ஓட்டலில் டிம் சம் சாப்பிட இடம் பதிந்து வைத்திருக்கிறானாம். மருமகளோடு வேலை பார்க்கிற சீனத் தோழியின் குடும்பமும் வருகிறது. அங்கே எப்படி நடந்துகொள்வது என்று சொல்லுங்கள், நாலு பேர் முன்னால் தப்பாக எதுவும் செய்துவிடக் கூடாது. — வாசகி, அனுப்பானடி

பதில்: அம்மா, கவலையை விடுங்கள். சீனச் சாப்பாட்டிலேயே குடும்பத்தோடு போய் உட்காருவதற்குத் தோதானது இதுதான். தாத்தா பாட்டி, கைக்குழந்தை, பேப்பரும் கையுமாகத் தனியாக உட்கார்ந்திருக்கிற பெரியவர் என்று எல்லா வயதுக்காரர்களும் இருப்பார்கள், கூடம் ஒரே சத்தமாக இருக்கும், உங்களை யாரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள்.

உட்கார்ந்ததும் வருகிற முதல் கேள்வி, என்ன டீ வேண்டும் என்பதுதான். தென் சீனாவில் கான்டனீஸ் மொழி பேசுகிற குவாங்சோவிலும் ஹாங்காங்கிலும் டீக்கடைகளில் வளர்ந்த சாப்பாடு இது, ‘யம் சா போகலாமா’, அதாவது டீ குடிக்கப் போகலாமா என்றுதான் ஒருத்தரையொருத்தர் கூப்பிடுவார்கள். கறுப்பாக, மண்வாசனையோடு இருக்கிற போ லே, மல்லிகை மணம் ஏற்றிய டீ, டிட் குன் யாம் என்கிற ஊலாங் வகை, சாமந்திப்பூ சேர்த்தது என்று சில வகைகள் இருக்கும். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் மல்லிகை டீயைத்தான் சொல்வேன், மதுரைக்காரர்களுக்கு அந்த வாசனையை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எண்ணெய்ப் பலகாரம் அதிகம் சாப்பிடப் போவதாக இருந்தால் போ லே நல்லது, வாயைச் சுத்தமாக்கிவிடும். பாலும் சர்க்கரையும் வராது. கேட்கவும் வேண்டாம்.

டீ வந்ததும் சில குடும்பங்களில் முதல் ஊற்றை அப்படியே கிண்ணம், கப், குச்சி எல்லாவற்றின் மேலும் ஊற்றி அலசி ஒரு பெரிய பாத்திரத்தில் கொட்டுவார்கள். ஹாங்காங்கிலும் குவாங்சோவிலும் இது சாதாரணம், சிங்கப்பூரில் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். யாராவது அலச ஆரம்பித்தால் உங்கள் கிண்ணத்தையும் நகர்த்திக் கொடுங்கள், போதும். அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது.

அப்புறம் ஊற்றுகிற முறை. மூத்தவர்களுக்கு முதலில், மற்றவர்களுக்கு அடுத்து, தனக்குக் கடைசியில். உங்களுக்கு யாராவது ஊற்றும்போது ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் லேசாக மடக்கி மேசையில் இரண்டு மூன்று தடவை தட்டுங்கள். அது நன்றி சொல்கிற முறை, பேச்சை நிறுத்தாமலே சொல்லிவிடலாம். 18-ஆம் நூற்றாண்டில் ஆண்ட சியென்லாங் பேரரசர் மாறுவேடத்தில் ஊர் சுற்றியபோது தன் ஆட்களுக்குத் தானே டீ ஊற்றினாராம், அங்கே மண்டியிட்டால் குட்டு உடைந்துவிடும் என்று அவர்கள் விரல்களை மடக்கி மேசையில் வணங்கினார்களாம். கதைதான், ஆனால் அந்தத் தோழியின் அப்பா அம்மா ஊற்றும்போது நீங்கள் விரலால் தட்டினால் அவர்கள் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அதற்காகவாவது செய்யுங்கள். கெட்டிலில் டீ தீர்ந்துவிட்டால் யாரையும் கூப்பிட வேண்டாம், மூடியைப் பாதி திறந்து சாய்த்து வையுங்கள், வெந்நீர் தானாக வந்துவிடும்.

இப்போது சாப்பாடு. மூங்கில் கூடைகளில் மூன்றோ நாலோ உருப்படிகளாக வரும், ஆளுக்கொரு தட்டு என்று கிடையாது, எல்லாம் நடுவில்தான். தள்ளுவண்டி வைத்திருக்கிற ஓட்டலாக இருந்தால் அந்த அம்மாமார்கள் பெயரைச் சொல்லிக்கொண்டே மேசை மேசையாக வருவார்கள், மூடியைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்து எடுக்கலாம், எடுத்ததற்கு மேசையில் இருக்கிற அட்டையில் முத்திரை குத்திவிட்டுப் போவார்கள். சிங்கப்பூரில் சின் ஸ்வீ சாலையில் 1974-இல் தொடங்கிய ரெட் ஸ்டார் இப்படித் தள்ளுவண்டிக்குப் பேர்போனது. பல இடங்களில் இப்போது சீட்டில் டிக் அடித்துக் கொடுப்பதோடு சரி.

எந்த முறையாக இருந்தாலும் ஒன்றே ஒன்றைக் கெட்டியாகச் சொல்கிறேன்: எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஆர்டர் செய்யவிடாதீர்கள். பையன்கள் பசியில் பத்துக் கூடை சொல்லிவிடுவார்கள், மேசை நிறைந்துவிடும், பாதி ஆறிப்போகும். ஆறிய டிம் சம்மில் ஒன்றும் இல்லை. மூன்று நாலு கூடை, ஒரு சுற்று டீ, பேச்சு, அப்புறம் அடுத்த மூன்று. இரண்டு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை, அதற்காகத்தான் அந்தச் சாப்பாடே.

முதல் சுற்றில் ஹார் காவ் இருக்கட்டும். இறாலை உள்ளே வைத்து மடித்து ஆவியில் வேகவைத்தது. சமையல்காரரின் கையை இதை வைத்துத்தான் எடைபோடுவார்கள். மேல்தோல் கண்ணாடி மாதிரி இருந்து உள்ளே இறாலின் இளஞ்சிவப்பு தெரிய வேண்டும், மடிப்பு ஏழுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், பத்துக்கு மேல் இருந்தால் கெட்டிக்காரர். குச்சியால் தூக்கும்போது அடியில் ஒட்டிக்கொண்டு கிழியக் கூடாது, கடித்தால் இறால் நறுக்கென்று இருக்க வேண்டும். முதல் கூடையிலேயே இது சரியாக வந்தால் மற்றதையும் நம்பிச் சொல்லலாம்.

கேள்வி: அண்ணா நகரிலும் கே.கே. நகரிலும் வண்டியில் விற்கிற மோமோதானே இந்த டிம் சம்? பெயரை மாற்றிக் காசு கூடுதலாக வாங்குகிறார்களா? — வாசகர், மேலூர்

பதில்: இல்லை ஐயா, இரண்டும் வேறு வேறு. மோமோ திபெத், நேபாளம் பக்கத்திலிருந்து டார்ஜிலிங், சிக்கிம் வழியாக நம்மிடம் வந்தது. மைதா மாவு, காரச் சட்னி. டிம் சம் ஒரு தனிப் பலகாரத்தின் பெயரே கிடையாது, ஒரு வரிசை முழுக்க அந்தப் பெயரில் அடங்கும்: ஹார் காவ், மேல்பக்கம் திறந்த மஞ்சள் தோல் சியூ மாய், இனிப்பும் உப்புமாகச் சுட்ட பன்றிக்கறி வைத்த வெள்ளை பன், அரிசி மாவை மெல்லிய தாளாக ஆவியில் வேகவைத்துச் சுருட்டிய ச்சோங் ஃபன், தாமரை இலையில் பொதிந்த ஒட்டரிசி, முள்ளங்கியைத் துருவி வேகவைத்துத் துண்டு போட்டுப் பொரித்த கேக், கடைசியில் முட்டை டார்ட். கடித்தால் சூப் கொட்டுகிறதே, அந்த ஷியாவ்லாங்பாவ் ஷாங்காய்ப் பக்கத்துச் சரக்கு, கான்டனீஸ் ஓட்டல்களும் இப்போது அதைச் சேர்த்துக்கொண்டுவிட்டன.

ருசியும் வேறு. நம் ஊரில் சைனீஸ் என்று சாப்பிடுகிற சில்லி சிக்கனும் கோபி மஞ்சூரியனும் நம் நாக்குக்காகச் செய்தவை. கான்டனீஸ் சமையலில் உறைப்பு மிகக் குறைவு, இறால் இறாலாகத் தெரிய வேண்டும் என்பதுதான் அவர்கள் கவலை. கோனார் மெஸ் கறிதோசை சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு முதல் வாயில் சப்பென்று இருக்கும். உடனே சில்லி சாஸைக் கவிழ்க்காதீர்கள், இரண்டாவது கூடை வரைக்கும் பொறுத்துப் பாருங்கள், அப்புறம் வேண்டுமானால் ஓரத்தில் தொட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். முட்டைகூடக் கிடையாது. உறவினர்களோடு போனால் எதையாவது சாப்பிட முடியுமா? — வாசகி, திருமங்கலம்

பதில்: பாரம்பரிய ஓட்டலில் கஷ்டம்தான் அம்மா. காய்கறி என்று எழுதியிருக்கிற கூடையிலும் சிப்பி சாஸ் இருக்கலாம், கோழிச் சாறு இருக்கலாம். முள்ளங்கி கேக்கில் காய்ந்த இறாலும் பன்றி சாசேஜும் போடுவது வழக்கம், பொரித்த பலகாரங்களின் மேல்மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள், எள் உருண்டையின் உள்ளே வைக்கிற பயறு விழுதில்கூட அது இருக்க வாய்ப்புண்டு, மாம்பழப் புட்டிங்கில் ஜெலட்டின் வரும். வெறுமனே ‘சைவம்’ என்று சொன்னால் கறித்துண்டை மட்டும் எடுத்துவிட்டுக் கொண்டுவருகிற இடங்களும் உண்டு. எது எது வேண்டாம் என்று பெயர் பெயராகப் போனில் எழுதிக் காட்டுங்கள்.

நான் சொல்கிற வழி வேறு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சீன பௌத்தர்கள் நடத்துகிற சைவ ஓட்டல்கள் இருக்கின்றன. அங்கே கறி மீன் கிடையாது, பல இடங்களில் வெங்காயம் பூண்டும் கிடையாது. காளான், டோஃபு, காய்கறி வைத்து அதே கூடைகள் வரும். முட்டை, பால் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். உறவினர்களை அங்கே அழைத்துப் போகச் சொல்லுங்கள், அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நீங்கள் டீயை மட்டும் குடித்துக்கொண்டிருப்பது எனக்குச் சம்மதமில்லை.

கேள்வி: ஹலால் பார்க்கிறவர்கள் இறால் வகையை மட்டும் சாப்பிட்டால் போதுமா? — வாசகர், கோரிப்பாளையம்

பதில்: போதாது பாய். ஹார் காவில் சாறுக்காகப் பன்றிக் கொழுப்பைப் பொடியாக நறுக்கிச் சேர்ப்பது பழைய முறை, பாத்திரமும் ஒன்றுதான். சிங்கப்பூரில் முயிஸ், மலேசியாவில் ஜாக்கிம் என்கிற இஸ்லாமிய அமைப்புகளின் ஹலால் சான்றிதழ் இருக்கிற டிம் சம் கடைகளைத் தேடிப் போங்கள், கோழி வைத்து அருமையாகச் செய்கிறார்கள். மாட்டுக்கறி தவிர்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஆவியில் வெந்த உருண்டைகளில் ஒன்று மாட்டுக்கறி, கேட்டுவிட்டு எடுங்கள்.

கேள்வி: கோழிக்காலை நகத்தோடு தின்கிறார்களாமே, உண்மையா? — வாசகர், உசிலம்பட்டி

பதில்: நகத்தை வெட்டிவிடுவார்கள் அண்ணே. குடல் குழம்பும் ஆட்டுக்கால் பாயாவும் ரத்தப் பொரியலும் ருசித்துச் சாப்பிடுகிற ஊர் நம் ஊர், கோழிக்காலைப் பார்த்து முகம் சுளிக்கலாமா? அதற்குப் போகிற உழைப்பைக் கேளுங்கள். முதலில் எண்ணெயில் நன்றாகப் பொரிப்பார்கள், உடனே குளிர்ந்த நீரில் ஊறப்போடுவார்கள், தோல் உப்பிச் சுருங்கிக்கொள்ளும். பிறகு மசாலாத் தண்ணீரில் மெதுவாக வேகவிட்டு, புளிக்கவைத்த கறுப்பு சோயாபீன்ஸ் சாஸில் புரட்டி, கடைசியில் கூடையில் வைத்து ஆவி காட்டுவார்கள். கூடை வரும்போது தோல் செம்பழுப்பாகச் சுருக்கம் சுருக்கமாக, சாஸை உறிஞ்சிக்கொண்டு பளபளவென்று இருக்கும். ஒவ்வொரு கணுவாகக் கடித்து, தோலையும் குருத்தையும் உறிஞ்சிவிட்டு, எலும்பைத் தட்டின் ஓரத்தில் வையுங்கள். அது அங்கே மரியாதைக் குறைவு ஆகாது.

கேள்வி: குச்சியில் சாப்பிட வராது. ஃபோர்க் கேட்டால் கேவலமா? — மாணவர், சோழவந்தான்

பதில்: கேவலமே இல்லை தம்பி, கேளுங்கள். குச்சி பிடித்தால் சாதத்தில் செங்குத்தாகக் குத்தி மட்டும் வைக்காதீர்கள், இறந்தவர்களுக்குப் பத்தி ஏற்றுகிற தோற்றம் அது. பொதுக் குச்சி வைத்திருந்தால் அதில் எடுத்து உங்கள் கிண்ணத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஹாங்காங் போனபோது கேட்காமலே வேர்க்கடலையும் ஊறுகாயும் வைத்துவிட்டு பில்லில் சேர்த்துவிட்டார்கள், டீக்கும் ஆள் கணக்கில் காசு. ஏமாற்றுவேலைதானே? — வாசகர், தெப்பக்குளம்

பதில்: இல்லை. டீக்கு ஆளுக்கு இவ்வளவு என்பது அங்கே நெடுநாள் வழக்கம். கடலை வேண்டாமென்றால் வைத்தவுடனே திருப்பிக் கொடுத்துவிடலாம், தொட்டால் காசு. கூடைகளுக்கு சிறியது, நடுத்தரம், பெரியது, ஸ்பெஷல் என்று விலைப்படி பிரிவு இருக்கும், ஸ்பெஷலில் கை வைப்பதற்கு முன் விலையைப் பாருங்கள். சிங்கப்பூரில் இதற்கு மேல் பெரும்பாலும் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதற்கும் மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டி. இன்னொன்று, பில் வந்ததும் நான் கொடுக்கிறேன், நீ கொடுக்கிறாய் என்று ஒரு இழுபறி நடக்கும். கூப்பிட்டவர் கொடுப்பதுதான் முறை. ஒரு தடவை மறுத்துப் பார்த்துவிட்டு விட்டுக்கொடுத்துவிடுங்கள், அடுத்த தடவை நீங்கள் கூப்பிடலாம்.

கேள்வி: ஹார் காவை மதுரையில் வீட்டிலேயே செய்ய முடியுமா? — வாசகி, வாடிப்பட்டி

பதில்: முடியும், மேல்மாவுதான் சவால். கோதுமை ஸ்டார்ச் இரண்டு பங்கு, மரவள்ளி ஸ்டார்ச் ஒரு பங்கு. மரவள்ளி ஸ்டார்ச்சுக்கு நமக்குப் பஞ்சமில்லை, சேலத்தில் ஜவ்வரிசி ஆகிறதே அதே மாவு. கோதுமை ஸ்டார்ச் என்பது அல்வாவுக்கு எடுக்கிற கோதுமைப் பாலில் அடியில் தங்குகிற வெள்ளை. அதை வீட்டில் காயவைத்தும் பார்க்கலாம், ஆனால் அந்தக் கண்ணாடித் தெளிவு வேண்டுமென்றால் சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்களிடம் ஒரு பாக்கெட் சொல்லிவிடுங்கள்.

மாவில் உப்பு சேர்த்து, தளதளவென்று கொதிக்கிற தண்ணீரை ஒரே தடவையில் ஊற்றி, கொழுக்கட்டைக்குக் கிளறுகிற மாதிரி கிளறி, மூடிவைத்து, கை பொறுக்கிற சூட்டில் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பிசையுங்கள். ஈரத்துணியால் மூடியே வைத்திருங்கள், காற்றுப் பட்டால் வெடிக்கும். அவர்கள் எண்ணெய் தடவிய அகலக் கத்தியால் அழுத்தி வட்டமாக்குவார்கள், நமக்கு எண்ணெய் தடவிய பிளாஸ்டிக் தாளும் தட்டையான தட்டும் போதும். இறால் தூத்துக்குடியிலிருந்தோ மண்டபத்திலிருந்தோ வருகிற நடுத்தர அளவு நல்லது. உப்பும் கொஞ்சம் ஸ்டார்ச்சும் போட்டுப் பிசறி அலசி, துணியில் ஒற்றி, குளிர்ச்சியாக இருக்கும்போதே வையுங்கள். இட்லிப் பானையில் எண்ணெய் தடவிய வாழை இலைத் துண்டுகள் மேல் அடுக்கி, ஆவி பலமாக வந்த பிறகு ஐந்தாறு நிமிடம். மடிக்கும்போது மாவு வெடித்துக்கொண்டே இருந்தால் தண்ணீர் போதுமான அளவு கொதிக்கவில்லை, அந்த மாவைத் தேற்ற முடியாது, புதிதாகக் கிளறிவிடுங்கள்.