கொஞ்சம் நீர், இவ்வளவு ஆபத்தா?

கேள்வி: என் 6 வயது மகனுக்கு இதயத்தில் ஓட்டையை அடைத்த பத்தாம் நாள் காய்ச்சல், மூச்சிரைப்பு. எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துவிட்டு, இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது என்று ஊசியால் 120 மில்லி எடுத்தார்கள். ஒரு டம்ளர்கூட இல்லையே டாக்டர்?
– ஒரு தாய், தேனி

பதில்: அளவைவிட வேகம்தான் முக்கியம் அம்மா. இதயத்தைச் சுற்றியுள்ள பெரிகார்டியம் என்ற உறை சட்டென்று விரியாது. மாதக்கணக்கில் மெல்லச் சேரும் நீருக்கு இடம் விட்டுக்கொடுக்கும். திடீரென்று சேர்ந்தால் கொஞ்சமே போதும், உள்ளே அழுத்தம் எகிறிவிடும். சுவர் மெல்லிய வலது பக்க அறைகள்தான் முதலில் நசுங்கும். இதயம் துடிக்கும், ஆனால் நிரம்பாது. நிரம்பாததை எப்படி வெளியே தள்ளும்?

உங்கள் பிள்ளைக்கு வந்தது, ஆபரேஷனில் அந்த உறையைத் திறந்ததற்கு உடல் காட்டிய எதிர்ப்பாக இருக்கலாம். சில நாள், சில வாரம் கழித்துக் காய்ச்சலோடு வரும். மற்றபடி வைரஸ், சீழ் பிடிக்கும் கிருமிகள், காசநோய், ரத்தப் புற்றுநோய், உடலின் எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் லூபஸ், சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவையும் காரணமாகும்.

இதயம் இப்படி நசுங்குவதற்கு, கழுத்து ரத்தக்குழாய் புடைப்பு, ரத்த அழுத்தம் இறங்குவது, மங்கிய இதய ஒலி என்று 1935-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கிளாட் பெக் மூன்று அடையாளங்கள் சொன்னார். கொழுகொழு குழந்தையின் குட்டைக் கழுத்தில் அந்த ரத்தக்குழாயை எங்கே தேடுவது! ரத்த அழுத்தமும் கடைசிவரை ஏமாற்றும். நான் முதலில் பார்ப்பது வேகமான நாடி, சில்லிட்ட கை கால், வீங்கிய கல்லீரல். நீர் மறுபடியும் சேரக்கூடும். சொன்ன தேதியில் எக்கோவுக்குப் போய்விடுங்கள்.