மேடை இடம்விட்டால் கூட்டம் பாடும்

பெரிய ராக் நிகழ்ச்சிகளில் கூடும் கூட்டத்தைப் பற்றிக் கேட்டு இந்த மாதம் வந்த கடிதங்கள் பல. மேடை ஒலி அமைப்பில் வேலை பார்த்து, பாட்டையும் வாத்தியங்களையும் கலந்து அனுப்பும் மிக்ஸர் கருவிக்குப் பின்னால் நின்றபடியே கூட்டத்தைப் படித்தவன் நான். எனக்கு மிகவும் பிடித்த பொருள் என்பதால் இந்த இதழ் முழுவதும் இதற்கே.

கேள்வி: 1985இல் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் குயீன் குழு பாடிய காணொளியைப் பார்த்தேன். ‘ரேடியோ காகா’ பாடலுக்கு அத்தனை பேரும் ஒரே நொடியில் கையை உயர்த்தித் தட்டுகிறார்கள். முன்பே ஒத்திகை பார்த்தார்களா?
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: ஒத்திகை ஏதும் இல்லை. எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக 1985 ஜூலை 13 அன்று நடந்த ‘லைவ் எய்ட்’ இசை நிகழ்ச்சி அது. பல குழுக்கள் வரிசையாகப் பாடிய நாள். குயீனுக்குக் கிடைத்தது இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். ஏறத்தாழ 72,000 பேர் கொண்ட அந்தக் கூட்டம் குயீனுக்காக மட்டும் வந்ததல்ல. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த அந்தப் பாடலின் காணொளியில் ஒரு பெருங்கூட்டம் இப்படித்தான் தலைக்கு மேல் கைதட்டும். தொலைக்காட்சியில் அதைப் பார்த்தவர்களுக்குத் தங்கள் வேலை என்னவென்று தெரிந்திருந்தது.

‘ஒரே நொடியில்’ என்கிறீர்கள். காணொளியை மறுபடி பாருங்கள். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி நிற்பவருக்குத் தாளம் கிட்டத்தட்ட 0.3 நொடி தாமதமாகவே வந்துசேரும். ஆகவே கைகள் முன்னாலிருந்து பின்னால் ஓர் அலையாகத்தான் எழும். நிதானமான தாளம், இரண்டு தட்டு, பிறகு ஓர் இடைவெளி என்று அந்தப் பாடல் அமைந்திருப்பதால் இந்தத் தாமதம் உறுத்துவதில்லை. வேகமான பாட்டாக இருந்தால் முன்வரிசையும் பின்வரிசையும் வேறு வேறு தாளத்தில் தட்டியிருக்கும்.

இந்தத் தாமதத்தோடு மல்லுக்கட்டுவதுதான் எங்கள் தொழிலில் பாதி. மைதானத்தின் நடுவே கோபுரம் எழுப்பி அதில் ஸ்பீக்கர்களைக் கட்டி, அவற்றுக்குப் போகும் ஒலியைக் கணக்கிட்ட அளவு தாமதப்படுத்துவோம். மேடையிலிருந்து வரும் ஒலியும் கோபுர ஒலியும் அப்போதுதான் ஒன்றாகக் காதில் விழும். இதற்கு டிலே டவர் என்று பெயர். 1973இல் நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் கிளென்னில் ஏறத்தாழ ஆறு லட்சம் பேர் திரண்ட நிகழ்ச்சியில் இப்படிச் செய்தார்கள்.

ஆனால் அந்த வெம்ப்ளி மாலையில் என்னை மிகவும் ஈர்ப்பது கைதட்டல் அல்ல. அதற்கு அடுத்து குயீனின் பாடகர் ஃபிரெடி மெர்குரி தனியாக நின்று ‘ஏ... ஓ’ என்று ஒரு சிறு இழை பாடிவிட்டு நிறுத்துகிறாரே, அந்த நிறுத்தம். கூட்டம் திருப்பிப் பாடுகிறது. அடுத்ததைச் சற்றுக் கடினமாக்குகிறார், மறுபடி நிறுத்துகிறார். பல பாடகர்களுக்கு இந்த மௌனம் பயம் தரும். ‘இன்னும் சத்தமாக!’ என்று கத்தி அதை நிரப்பிவிடுவார்கள். மெர்குரி கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. இடம் விட்டார், கூட்டம் அந்த இடத்துக்குள் வந்தது. பெருங்கூட்டத்தின் உற்சாகம் பற்றி எனக்குத் தெரிந்த முக்கியமான விஷயம் இது ஒன்றுதான்.

கேள்வி: கூட்டத்துக்காகவே ஒரு பாடலைத் திட்டமிட்டு எழுத முடியுமா? அப்படி எழுதினால் அது செயற்கையாக இருக்காதா?
– வாசகி, மதுரை

பதில்: முடியும். அதற்கும் குயீனிடமே போக வேண்டியிருக்கிறது. 1977இல் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்டுக்கு அருகே பிங்லி ஹாலில் அவர்கள் பாடி முடித்தபோது கூட்டம் கலையாமல், கால்பந்து ரசிகர்கள் பாடும் ஒரு பாட்டை அவர்களை நோக்கிப் பாடியது. கிதார் கலைஞர் பிரையன் மே அதைக் கேட்டு நெகிழ்ந்துபோய் யோசித்தார்: தோளோடு தோள் நெருங்கி நிற்கும் ஒருவரால் என்னதான் செய்ய முடியும்? காலை உதைக்கலாம், கைதட்டலாம், பாடலாம். அந்த மூன்றையும் வைத்தே ‘வீ வில் ராக் யூ’ பிறந்தது.

இயற்பியல் படித்தவர் மே. பின்னாளில் வானியற்பியலில் முனைவர் பட்டமும் பெற்றார். அந்தப் பாடலின் தாளத்துக்கு டிரம்ஸே கிடையாது. பலகைகளின் மேல் காலால் உதைத்துப் பதிவு செய்து, அதையே வெவ்வேறு தாமதங்களில் அடுக்கி, சிலர் உதைத்ததை ஆயிரம் பேர் உதைப்பதாக ஒலிக்க வைத்தார்கள். உதை, உதை, தட்டு, பிறகு ஒன்றுமில்லை. அந்த நான்காவது இடம் காலியாக இருப்பதால்தான் பின்வரிசையில் இருப்பவரும் தாளம் பிசகாமல் சேர்ந்துகொள்ள முடிகிறது. தாமதமாக வரும் ஒலிக்கு அங்கே இடம் இருக்கிறது. செயற்கை என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வராது, அம்மா. ரசிகனின் உடம்பை இவ்வளவு அக்கறையோடு நினைத்துப் பார்த்து எழுதிய பாடல் அது.

கேள்வி: ஐம்பது ஆண்டுகளாகக் கர்நாடக இசை கேட்பவன். எங்கள் சபாவில் ரசிகர் தொடையில் தாளம் போடுவார், நல்ல பிடி விழுந்தால் ‘பலே’ என்பார். பல்லாயிரம் பேர் கத்தும் இடத்தில் ரசனைக்கு என்ன வேலை? அது வெறும் வெறிதானே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சேலம்

பதில்: ஐயா, கத்துவதும் சேர்வதும் ஒன்றல்ல என்பதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். அதற்கு ஓர் ஆய்வே இருக்கிறது. ருமேனியாவிலும் ஹங்கேரியிலும் அரங்குகளில் எழுந்த கரவொலியைப் பதிவு செய்து ஆராய்ந்து 2000ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். முதலில் ஒவ்வொருவரும் தம் வேகத்தில் தட்டுவதால் இடிபோன்ற ஓசை எழுகிறது. பிறகு கூட்டம் தானாகவே வேகத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறது. குறைத்ததும் எல்லாக் கைகளும் ஒன்றுசேர்கின்றன. ஆனால் உற்சாகத்தில் இன்னும் ஓசை வேண்டுமென்று வேகத்தைக் கூட்டுகிறார்கள், ஒற்றுமை குலைந்துபோகிறது. சிறிது நேரத்தில் மறுபடி நிதானித்துச் சேர்கிறார்கள். ஒரே கூட்டத்தால் அதிகபட்ச ஓசையையும் அதிகபட்ச ஒற்றுமையையும் ஒருசேரத் தர முடியவில்லை என்பதுதான் அதன் சாரம். ஒன்றுசேர வேண்டுமானால் ஒவ்வொருவரும் தன் வேகத்தைச் சற்று விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

ரசனைக்கு என்ன வேலை என்று கேட்டீர்கள். 2007 மார்ச் 17 அன்று பெங்களூரு அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் குழு வாசித்தது. அந்த அளவுள்ள ஹெவி மெட்டல் (கனத்த கிதார் ஒலி கொண்ட ராக் வகை) குழு இந்தியாவுக்கு வந்தது அதுவே முதல்முறை. சென்னையிலிருந்து போன ரயிலிலேயே கறுப்புச் சட்டைகள் நிறைந்திருந்தன. மைதானத்தில் மலையாளம், கன்னடம், தமிழ் எல்லாம் கேட்டன. வடகிழக்கிலிருந்து நாள்கணக்கில் பயணம் செய்து வந்த இளைஞர்களும் இருந்தார்கள். ‘ஃபியர் ஆஃப் தி டார்க்’ பாடல் தொடங்கியதும் கூட்டம் பாடியது வார்த்தைகளை அல்ல, கிதாரின் மெட்டை. சொல்லே இல்லாத ஒரு வாத்திய வரியை ஏற்ற இறக்கம் மாறாமல், எங்கே மூச்சு விட வேண்டுமோ அங்கே விட்டுப் பாடினார்கள். பல வருடம் மனத்துக்குள் பாடிப் பாடிப் பதிந்திருந்தால் ஒழிய அது வராது. என் பக்கத்தில் நின்றவர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். உங்கள் சபாவின் முன்வரிசையில் கண்மூடித் தாளம் போடுபவருக்கும் அவருக்கும் இடையே நான் வேறுபாடு காணவில்லை.

அர்ஜென்டினாக்காரர்கள் இதில் ஒரு படி மேலே போய்விட்டார்கள். கால்பந்து மைதானத்தில் மணிக்கணக்கில் பாடிப் பழகிய தொண்டை அவர்களுடையது. மெகாடெத் குழுவின் ஒரு பாடலில் திரும்பத் திரும்ப வரும் கிதார் வரியின் (ரிஃப்) மேல் தாங்களே வார்த்தை போட்டு, ‘மெகாடெத், மெகாடெத், அகுவாந்தே மெகாடெத்’ என்று பாட ஆரம்பித்தார்கள். இன்று வேறு நாட்டு ரசிகர்களும் அதையே பாடுகிறார்கள். ஒரு குழுவின் பாடலுக்கு ரசிகர்கள் புதிய வரி சேர்த்து அது உலகம் சுற்றுவதை வேறெங்கே பார்க்க முடியும்?

கேள்வி: என் மகளுக்குப் பத்தொன்பது வயது. தோழிகளோடு பெங்களூருவுக்கு ராக் நிகழ்ச்சிக்குப் போக வேண்டும் என்கிறாள். நெரிசல் செய்திகளைப் படித்துப் பயமாக இருக்கிறது. அனுப்பலாமா?
– தாய், சென்னை

பதில்: அனுப்புங்கள், அம்மா. ஆனால் உங்கள் பயம் நியாயமானது. மேலே நான் கொண்டாடியதெல்லாம் உண்மை என்றால், இதுவும் அதே அளவு உண்மை.

1979 டிசம்பர் 3 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டியில் ‘தி ஹூ’ குழுவின் நிகழ்ச்சி. பெரும்பாலான டிக்கெட்டுகளுக்கு இருக்கை எண் கிடையாது. குளிரில் காத்திருந்த கூட்டத்துக்கு மிகச் சில கதவுகளே திறக்கப்பட்டன. உள்ளே இசை கேட்டதும், நிகழ்ச்சி தொடங்கிவிட்டது என்று நினைத்துப் பின்னால் இருந்தவர்கள் முண்டினார்கள். 11 பேர் இறந்தார்கள். வாசித்து முடிக்கும்வரை குழுவுக்கு அந்தச் செய்தியே தெரியாது. 2000 ஜூன் 30 அன்று டென்மார்க்கின் ராஸ்கில்ட் இசை விழாவில் பேர்ல் ஜாம் குழு வாசிக்கும்போது ஏற்பட்ட நெரிசலில் 9 பேர். பாடகர் இசையை நிறுத்திவிட்டுப் பின்னால் நகரும்படி வேண்டினார். அதற்குள் காலம் கடந்திருந்தது.

இத்தகைய மரணங்களுக்கு ‘ரசிகர்களின் வெறி’ என்று எழுதுவதைப் படித்தால் எனக்குக் கோபம் வரும். பெரும்பாலோர் மிதிபட்டு இறப்பதில்லை. நாலாபக்க அழுத்தத்தில் மார்பு விரிய இடமில்லாமல், சில சமயம் நின்ற நிலையிலேயே மூச்சு முட்டி இறக்கிறார்கள். பின்னால் தள்ளுபவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேருக்கு மேல் போனாலே ஆபத்து நெருங்குகிறது. அந்த எண்ணைக் கவனிப்பதும், கதவைத் திறப்பதும், தடுப்புகளை அமைப்பதும் அமைப்பாளரின் கடமை. அதை அவர் செய்யாவிட்டால் ரசிகர் மேல் பழி போடக் கூடாது.

மகளிடம் இவற்றைச் சொல்லுங்கள். மேடைக்கு நேர் எதிரே தடுப்பை ஒட்டி நிற்க வேண்டாம். பக்கவாட்டில், மிக்ஸர் கூடாரத்துக்கு அருகே நின்றால் இடமும் இருக்கும், ஒலியும் அங்கேதான் மிக நன்றாக இருக்கும். உள்ளே போனதும் வெளியேறும் வழிகளைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். தன் விருப்பமின்றி உடம்பு அசைகிறது என்றால் உடனே வெளியேறும் நேரம் அது. நெருக்கினால் கைகளை மார்புக்கு முன்னால் மடித்து மூச்சுக்கு இடம் வைத்துக்கொண்டு, அலை தளரும் இடைவெளியில் குறுக்காகப் பக்கவாட்டில் நகர வேண்டும். எதிர்த்துத் தள்ளக் கூடாது. கீழே விழுந்த செல்போனை எடுக்கக் குனியவே கூடாது.

கேள்வி: ‘மாஷ் பிட்’ என்று ஒருவரை ஒருவர் மோதிக்கொள்கிறார்களே, அது சண்டையா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: சண்டை இல்லை. 2013இல் அமெரிக்காவின் கார்னல் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் இத்தகைய காணொளிகளை ஆராய்ந்து, மோதிக்கொள்பவர்களின் வேகங்கள் வாயு மூலக்கூறுகளின் வேகங்களைப் போலவே பரவியிருப்பதைக் கண்டார்கள். எல்லோரும் வட்டமாக ஓடுவதும் உண்டு. அதற்குள் எழுதப்படாத ஒரு சட்டம் இருக்கிறது: யாராவது விழுந்தால் உடனே சுற்றியிருப்பவர்கள் தூக்கி நிறுத்த வேண்டும். அது பின்பற்றப்படுவதை நேரில் பலமுறை பார்த்திருக்கிறேன். பின்பற்றாத கூட்டம் என்று தெரிந்தால் விலகிவிடுங்கள்.

கேள்வி: கூட்டம் குதித்து மைதானமே ஆடியது என்பதெல்லாம் மிகைதானே?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: மிகை அல்ல. 1985 ஜூன் மாதம் சுவீடனின் கோத்தன்பர்க் நகர உல்லேவி மைதானத்தில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் இரண்டு இரவுகள் பாடினார். அந்த மைதானம் களிமண் நிலத்தின் மேல் நிற்கிறது. பல்லாயிரம் பேர் ஒரே தாளத்தில் குதித்தபோது அந்த அதிர்வு களிமண்ணைப் பிடித்துக்கொண்டது. அமைப்பு சேதமடைந்து, பெருஞ்செலவில் பலப்படுத்த வேண்டியதாயிற்று. மொத்த எடையைவிட, அந்த எடை எந்த வேகத்தில் ஒரேசீராக மேலும் கீழும் போகிறது என்பதே கட்டடத்துக்கு முக்கியம்.

கேள்வி: நிகழ்ச்சி முடிந்து இரண்டு நாள் வரை காதில் ஓர் இரைச்சல் இருந்தது. இது சாதாரணமா?
– வாசகர், திருச்சி

பதில்: பலருக்கும் வருவதுதான், ஆனால் சாதாரணம் என்று விட்டுவிடாதீர்கள். காது அடிபட்டிருக்கிறது என்பதன் அறிகுறி அது. 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம்வரை கேட்கலாம் என்பது வேலையிடங்களுக்கு வகுத்த ஒரு கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். ராக் மேடைக்கு அருகே 100 எளிதில் தாண்டும். மருந்துக் கடைகளில் நுரையாலான காதடைப்பான் மலிவாகக் கிடைக்கிறது. விரலால் உருட்டி மெலிதாக்கி, காதுமடலை மேலே இழுத்துப் பிடித்துச் செருகி, விரியும்வரை விரலால் பிடித்திருங்கள். பாட்டும் கேட்கும், பக்கத்தில் பாடுபவரின் குரலும் கேட்கும். இரைச்சல் இன்னும் நிற்கவில்லை என்றால் இந்த வாரமே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.