தேய்ந்த கேசட்டின் சுருதி

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்லோடைவ் இசைக்குழு பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். நான் 1998-ல் பிறந்தவன். இங்கிலாந்தைப் படத்தில் பார்த்ததோடு சரி. ஆனாலும் ஷூகேஸ் இசை (1990-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஒலித்த, கிதார் இரைச்சலில் குரல் அமுங்கிய ராக்) கேட்கும்போதெல்லாம் எதையோ தொலைத்துவிட்ட மாதிரி ஏக்கம் வருகிறது. அந்தக் காலம் அவ்வளவு அழகாகவா இருந்தது? பத்திரிகைகள்தான் அதை ஒழித்துக்கட்டின என்கிறார்களே?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

நானும் அங்கே இருந்தவன் இல்லை. இருந்தவர்களே கொஞ்சம் பேர்தான். குழுக்களும் சிலதான்: ரைடு ஆக்ஸ்ஃபோர்டில், ஸ்லோடைவும் சாப்டர்ஹவுஸும் ரெடிங்கில், லஷ் லண்டனில். ஒருவர் கச்சேரிக்கு மற்றவர் போய் நிற்பார்கள். ‘தன்னைத்தானே கொண்டாடிக்கொள்ளும் கூட்டம்’ என்று மெலடி மேக்கர் வார இதழ் எழுதியது. கிண்டல்தான், ஆனால் பொய் என்று சொல்ல முடியாது.

உங்கள் ஏக்கம் அந்த ஒலியிலிருந்தே வருகிறது என்பது என் எண்ணம். மை பிளடி வேலன்டைன் குழுவின் கெவின் ஷீல்ட்ஸ், கிதாரின் டிரெமலோ கம்பியைக் கையிலிருந்து விடாமலே தந்திகளை மீட்டுவார். மீட்டும்போதே சுருதி லேசாகச் சரிந்து ஏறும். மோட்டார் தளர்ந்த டேப் ரிக்கார்டரில் கேசட் ஓடுகிற மாதிரி. அவர்களுடைய ‘லவ்லெஸ்’ ஆல்பம் 1991-ல் கடைக்கு வந்த அன்றே பழைய நாடா போலத்தான் ஒலித்திருக்கும். போதாததற்கு, குரலைக் கிதார்களுக்கு அடியில் அமுக்கிவிட்டார்கள். சொற்கள் பாதி பிடிபடாது. பிடிபடாத இடத்தில் கேட்பவர் தன் கதையைப் போட்டுக்கொள்கிறார். அதற்கு ரெடிங்கில் பிறந்திருக்க வேண்டியதில்லை.

பத்திரிகைகள் ஏற்றிவிட்டன, பிறகு இறக்கின. ஸ்லோடைவின் ‘சுவ்லாகி’ ஆல்பம் 1993-ல் வந்தபோது, இதை இன்னொரு முறை கேட்பதைவிடக் கஞ்சித் தொட்டியில் மூழ்கிச் சாகலாம் என்று எழுதினார் ஒரு விமர்சகர். ஆனால் கதவைச் சாத்தியது லேபிள், அதாவது அவர்களுடைய இசைத்தட்டு நிறுவனம். கிரியேஷன் என்ற அந்த நிறுவனத்தில் ஏறக்குறைய பாதிப் பங்கை 1992-ல் சோனி வாங்கியது. இரண்டு வருடத்தில் அதே லேபிளிலிருந்து ஓயாசிஸ் குழு வந்து உலகமே தலைகீழானது. அந்த நேரம் பார்த்து ஸ்லோடைவ் 1995-ல் ‘பிக்மேலியன்’ கொண்டுவந்தது: டிரம்ஸே அரிதாகக் கேட்கும் ஆல்பம்! வெளியான சில நாட்களில் ஒப்பந்தம் போயிற்று. (ரைடின் ஆண்டி பெல் பின்னால் ஓயாசிஸிலேயே பேஸ் வாசிக்கப் போனார். வயிறு என்று ஒன்று இருக்கிறதே.)

அழகாக இருந்ததா என்றால், எல்லாம் இல்லை. கிதார் ஒலியை மாற்றும் பெடல்களை வரிசையாக அடுக்கி, பாட்டே இல்லாததை இரைச்சலால் மூடியவர்கள் நிறைய. அவர்களுடைய ஒரு மெட்டுகூட எனக்கு நினைவில்லை. எனக்கு உண்மையான வருத்தம் வேறு. மை பிளடி வேலன்டைனில் பிலிண்டா புச்சர் கிதாரோடும் டெபி கூஜ் பேஸோடும் நின்றார்கள். லஷ் குழுவின் பாடல்களை மிக்கி பெரென்யியும் எம்மா ஆண்டர்சனும் எழுதி, கிதாரும் வாசித்தார்கள். யாரும் அழகுக்கு நிறுத்தப்பட்டவர்கள் இல்லை. அடுத்து வந்த, ஓயாசிஸ் போன்ற குழுக்களின் பிரிட்பாப் அலையில் பீர் கோப்பையும் ஆம்பளை மிடுக்கும்தான் அட்டைப்படம். இழப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

ஸ்லோடைவ் 2014-ல் மறுபடி சேர்ந்தார்கள். 2023-ல் வந்த ‘எவ்ரிதிங் இஸ் அலைவ்’ பிரிட்டனில் முதல் பத்து இடங்களுக்குள் போனது; 1990-களில் அவர்களுக்கு அது வாய்க்கவே இல்லை. அதிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். சாப்டர்ஹவுஸ் கடைசியில் போதும்.