மகனுக்கு டவுன் சிண்ட்ரோம். அவனைச் சேர்க்காமல் ஆஸ்திரேலியா பிஆருக்கு (நிரந்தரமாகத் தங்கும் விசாவுக்கு) விண்ணப்பிக்கலாமா?

முதலில் கேட்டதற்குப் பதில்: வேண்டாம், அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மகன் ஊரில் பாட்டியோடு இருப்பான், நாங்கள் மட்டும் வருகிறோம் என்று எழுதிக் கொடுத்தாலும் பெரும்பாலான நிரந்தர விசாக்களில் அவனுக்கும் மெடிக்கல் உண்டு, ஒருவர் தேறவில்லை என்றால் குடும்பத்தில் யாருக்குமே விசா இல்லை. பிள்ளை இருப்பதையே மறைத்தால் பொய்த் தகவல் கொடுத்ததாகி, 3 வருஷத்துக்கு அந்தப் பக்கமே போக முடியாமல் ஆகிவிடும்.

என் அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அக்கா ஐசியூ நர்ஸ், ஆங்கிலத் தேர்வு, ஸ்கில் அசெஸ்மெண்ட் எல்லாம் முதல் தடவையிலேயே முடித்தவள். 2022இல் விண்ணப்பித்தபோது அவள் மகனுக்கு 11 வயது, அவனுக்கும் டவுன் சிண்ட்ரோம்தான். சொந்தக்காரர் ஒருவர் அவனை இங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னார். "அவன விட்டுட்டு எனக்கு அங்க என்னல வேலை?" என்று அக்கா என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

மெடிக்கலுக்குச் சென்னை போகவேண்டியிருந்தது, நெல்லை எக்ஸ்பிரஸில் நானும் போனேன். எழும்பூரில் இறங்கியதும் "மாமா, பெட்டிய நா எடுக்கேன்" என்று வாங்கி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நடந்தான். தானாகச் சாப்பிடுவானா, தானாகக் குளிப்பானா என்றெல்லாம் கேட்டார்கள், மரியாதையாகத்தான் கேட்டார்கள். பாளையங்கோட்டையில் தாத்தாவின் பலசரக்குக் கடையில் சாயங்காலம் உட்கார்ந்து பத்து ரூபாய் தனி, இருபது ரூபாய் தனி என்று நோட்டுகளை அடுக்கி ரப்பர் பேண்ட் போடுவது அவன் வேலை. சில்லறை கேட்டால் எண்ணிக் கொடுப்பான், சந்தேகம் வந்தால் திரும்ப வாங்கி மறுபடி எண்ணுவான். இதை எழுத அந்தப் படிவத்தில் இடமே இல்லை.

ஏனென்றால் விசாவுக்கான அந்த மருத்துவ விதி உங்கள் பிள்ளையைப் பார்ப்பதே இல்லை. அதே பாதிப்புள்ள கற்பனையான ஒருவர் அந்த நாட்டில் இருந்தால் மருத்துவத்துக்கும் சமூக உதவிகளுக்கும் அரசுக்கு எவ்வளவு செலவாகும் என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். பொதுவாக 5 வருஷத்துக்கு, நிரந்தரமான பாதிப்பு என்றால் 10 வருஷம் வரைக்கும். அரசு உதவி எங்களுக்கு வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னாலும் தொகை குறையாது. அந்தத் தொகை ஒரு வரம்பைத் தாண்டினால் மெடிக்கலில் தேறவில்லை என்று அர்த்தம். அப்போது வரம்பு 51,000 ஆஸ்திரேலிய டாலர், 2024 ஜூலையில் 86,000 ஆக்கியிருக்கிறார்கள். விசா இல்லை என்று அக்காவுக்கு வந்த கடிதத்தில் பெரிய தொகை சிறப்புக் கல்விக்கு. அவன் இங்கே எல்லாப் பிள்ளைகளோடும் சாதாரணப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். அக்கா அங்கே கட்டப்போகும் வரியும் பார்க்கப்போகும் நைட் டியூட்டியும் அந்தக் கணக்கில் எந்தப் பக்கத்திலும் வரவில்லை.

இதைப் பாகுபாடு என்றுதான் நான் சொல்வேன். மாற்றுத்திறனாளிகளை ஒதுக்கக் கூடாது என்று 1992லேயே சட்டம் போட்ட நாடு அது, ஆனால் அதே சட்டத்தின் 52ஆவது பிரிவு குடியேற்றச் சட்டத்துக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. 2008இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை ஏற்றபோதும் விசா மருத்துவ விதிகளைக் காப்பாற்றித் தனிக் குறிப்பு எழுதிவைத்தார்கள். அந்த நாட்டுக்குள் பிறந்த பிள்ளைக்கு உரிமை என்று கொடுப்பதையே நம் பிள்ளைக்குச் சுமை என்று கணக்கெழுதுவது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

சரி, நீங்கள் செய்யவேண்டியது என்ன? பணம் கட்டுவதற்கு முன்னால் உங்கள் விசாவில் இந்த மருத்துவ விதியிலிருந்து விலக்கு கேட்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். துணைவர் விசாவிலும் சில முதலாளி ஸ்பான்சர் விசாக்களிலும் உண்டு, முதலாளி இல்லாமல் நம் தொழில் திறனை வைத்தே போடும் 189 மாதிரியான விசாக்களில் கிடையாது. அக்கா போட்டது விலக்கு இல்லாத வகை, எங்களுக்கு அது தெரியவந்ததே கடைசியில்தான். ஏஜெண்ட் "ஒண்ணும் பிரச்சினை வராது" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்புறம், பிள்ளையின் பாதிப்பு எந்த அளவு என்பதைக் காகிதத்தில் கொண்டுவாருங்கள். லேசான டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு பையனின் வழக்கில் 2005லேயே அங்குள்ள கூட்டாட்சி நீதிமன்றம், கற்பனை ஆளுக்கும் அதே அளவு பாதிப்பை வைத்துத்தான் கணக்குப் போடவேண்டும் என்று சொல்லியிருக்கிறது. பள்ளி அறிக்கை, பேச்சுப் பயிற்சி கொடுப்பவரின் கடிதம், இதய ஸ்கேன் எல்லாவற்றையும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள், ஏனென்றால் மறுப்புக்கு முன்னால் வரும் கடிதத்துக்குப் பதில் தரக் கொஞ்ச நாள்தான் கொடுக்கிறார்கள்.

கனடாவையும் யோசியுங்கள். அங்கேயும் செலவு வரம்பு இருக்கிறது, ஆனால் 2018இல் அதை மூன்று மடங்காக்கி, சிறப்புக் கல்விச் செலவைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அக்கா இப்போது அதற்குத்தான் தயார் பண்ணிக்கொண்டிருக்கிறாள்.

மகனுக்கு என்ன வயது, எந்த விசா எண் என்று எழுதுங்கள். அக்காவின் ஃபைல் என்னிடம்தான் இருக்கிறது, என்னென்ன கேட்டார்கள் என்று பார்த்துச் சொல்கிறேன்.