பத்து நாளைக்குள் முடித்துவிட்டால் யாருக்கு நல்லது?

கேள்வி: எங்கள் நாய் ஜாம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணைத் தண்ணீரில் குட்டியாகக் கிடைத்தது. அதனால்தான் அந்தப் பெயர். கருத்தடை செய்தாகிவிட்டது, ஊசியெல்லாம் ஒழுங்காகப் போட்டிருக்கிறோம். ரொம்பப் பாசமானது. யார் வந்தாலும் மடியில் தலையை வைத்துக்கொள்ளும். மடிப்பாக்கத்தில் மாமனார் கட்டிய வீட்டை விற்றுவிட்டு நாவலூரில் ஆறாவது மாடியில் ஃப்ளாட் வாங்கியிருக்கிறோம். அங்கே நாய் வளர்க்கக் கூடாது என்கிறார் சங்கத்துச் செயலாளர். கணவரின் அலுவலக நண்பர் மதுராந்தகம் பக்கத்தில் இருக்கும் தன் தோட்டத்துக்குக் கேட்கிறார். இல்லாவிட்டால் ப்ளூ கிராஸில் விட்டுவிடலாமா? மாமனார் அடுத்த மாதம் பத்து நாள் திருச்சியில் நாத்தனார் வீட்டில் இருப்பார். அதற்குள் முடித்துவிட்டால் நல்லது. பாசமான நாய்க்கு நல்ல இடம் தேடுவது எப்படி?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை-91 (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: இந்த மாதிரிக் கடிதம் மாதத்துக்கு ஒன்றாவது வருகிறது. வீடு மாறுகிறோம், குழந்தை பிறக்கப்போகிறது, விசா வந்துவிட்டது, நாயை என்ன செய்ய? 'ரொம்பப் பாசமான நாய்' என்ற வரி மட்டும் எதிலும் தவறாது. அதனால் உங்கள் கஷ்டம் புரிகிறது, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றெல்லாம் எழுதி இடத்தை அடைக்கப்போவதில்லை.

கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். மாமனார் ஊரில் இல்லாத பத்து நாளைக்குள் முடித்துவிட்டால் நல்லது. யாருக்கு?

அந்த வரியைப் படித்ததும் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன். அச்சில் போடாமல் விட்ட பகுதியில் உங்கள் மாமனார் அங்கங்கே தலைகாட்டுகிறார். காலையில் ஜாமைக் கூட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போகிறார், இட்லி ஆறி அவலான பிறகுதான் வருகிறார் என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். சட்டைப் பையில் மாரி பிஸ்கட் இருந்ததாம். சர்க்கரைக்காரர் திருட்டுத்தனமாகத் தின்கிறாரோ என்று சந்தேகப்பட்டு, அப்புறம் அது நாய்க்கு என்று தெரிந்துகொண்டீர்களாம். ராத்திரி அவர் கட்டிலுக்கு அடியில்தான் ஜாமுக்குப் படுக்கை. உங்கள் மாமியார் தவறி ஒன்றரை வருஷம் ஆகிறது. இவ்வளவையும் எழுதிய கையாலேயே 'எங்கள் நாய்' என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் நாய் இல்லை, அம்மா. அவருடையது.

சரி, திருச்சியிலிருந்து அவர் திரும்பி வருகிற அன்றைக்கு என்ன சொல்வதாக உத்தேசம்? 'கேட் திறந்திருந்துச்சு, ஓடிப்போயிடுச்சு மாமா' என்பதுதான் வழக்கமான பொய். அவர் நம்புவார். நம்பினால் என்ன செய்வார் தெரியுமா? தேடுவார். எழுபத்து நாலு வயதில், முழங்கால் வலியோடு, பையில் அந்த பிஸ்கட்டை வைத்துக்கொண்டு, மடிப்பாக்கத்தில் ஒரு தெரு விடாமல். நாவலூருக்குக் குடிபோன பிறகும் பஸ் பிடித்து வந்து டீக்கடைக்காரரிடம் கேட்டுவிட்டுப் போவார்.

இதை நான் கற்பனையில் எழுதவில்லை. எனக்குப் பத்து வயதிருக்கும்போது, எங்கள் வீட்டுப் பூனையை அப்பா சாக்கில் போட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டார். சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். பாட்டியிடம் சொல்லக் கூடாது என்று உத்தரவு. பாட்டி அப்போது கோயிலுக்குப் போயிருந்தாள். அதற்குப் பிறகு ஒரு மாதம், ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கொல்லைப் படியில் கொட்டாங்குச்சியில் மோர்சோறு வைத்துவிட்டுத்தான் படுத்தாள். காலையில் அதைக் காக்காய் தின்றுகொண்டிருக்கும். நான் பார்த்துக்கொண்டு பல் தேய்ப்பேன். பாட்டி போய்ச் சேர்ந்து நாற்பது வருஷம் ஆகிறது. இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

உங்கள் கணவரைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது: 'இவருக்கும் சம்மதம்தான், ஆனால் அப்பாவிடம் பேசச் சங்கடப்படுகிறார்.' அப்பா கட்டிய வீட்டை விற்கப் பத்திரப்பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போய்க் கையெழுத்து வாங்கும்போது அந்தச் சங்கடம் எங்கே போயிருந்தது? வீட்டுக்குப் பேச வாய் வந்தவருக்கு நாய்க்கு வரவில்லையாக்கும். நியாயமாக இந்தக் கடிதத்தை அவர் எழுதியிருக்க வேண்டும். அசிங்கமான வேலையை மருமகள் தலையில் கட்டிவிட்டு, நாளைக்கு 'அவதான் அனுப்பினா' என்று சொல்ல வசதியாக ஒதுங்கி நிற்கிறார். அதற்கு ஏன் இடம் கொடுக்கிறீர்கள்? 'நீ' என்று எழுதவே கை வருகிறது, அடக்கிக்கொள்கிறேன்.

பெரியவர்கள் சொன்னதே வேதம் என்கிற கட்சி இல்லை நான். வீட்டில் வயதானவர் பேச்சு எடுபடாமல் போகிற நேரமும் உண்டு, போகலாம். ஆனால் அவருக்குரிய ஒன்றை எடுப்பதானால் அவர் கண்முன்னால் எடுக்க வேண்டும், அவர் கோபப்பட வாய்ப்புக் கொடுத்து எடுக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் செய்துவிட்டு, அவர் 'சரிம்மா' என்று சொல்லி உள்ளே போய்ப் படுத்துக்கொள்வதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிற குடும்பங்களை எனக்குப் பிடிக்காது. நாளைக்கு உங்கள் பிள்ளையும் உங்களுக்கு இதையே செய்யும் என்றெல்லாம் பயமுறுத்த மாட்டேன். செய்யாமலும் போகலாம். அப்போதும் இது தப்புதான்.

இப்போது செயலாளர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் சொன்னதும் நீங்கள் ஒத்துக்கொண்டது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. வாங்கிய வீடு, வாடகை வீடு இல்லை. இந்திய விலங்கு நல வாரியம் 2015 பிப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில், குடியிருப்போர் சங்கம் நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது, பெரும்பான்மையாக ஓட்டுப் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினாலும் செல்லாது என்று தெளிவாக இருக்கிறது. லிஃப்டில் ஏற்றாதே என்றும் சொல்லக் கூடாது. இப்படித் தடை போடும் விதிகள் சட்டப்படி செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றமும் 2021இல் சொல்லியிருக்கிறது. இந்த வாரியம் எங்கோ டெல்லியில் முளைத்ததும் இல்லை. 1962இல் ருக்மிணி தேவி அருண்டேல் முதல் தலைவராக இருந்து தொடங்கியது, வெகுகாலம் சென்னையிலேயே இருந்தது. அந்த வழிகாட்டுதலை அச்செடுத்து, ஜாமின் தடுப்பூசிப் புத்தகம், கருத்தடைச் சான்று, மாநகராட்சி உரிமம் வாங்கியிருந்தால் அதன் நகல் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கடிதத்தோடு கொடுங்கள். பொது இடத்தில் கயிறில்லாமல் விட மாட்டோம், அசுத்தம் செய்தால் நாங்களே அள்ளுவோம் என்றும் எழுதுங்கள். எழுதியபடி அள்ளவும் வேண்டும். பாதிச் சண்டை அதில்தான் வருகிறது.

ஆறாவது மாடி நாய்க்கு ஒத்துவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மாமனாருக்கு ஒத்துவருமா என்று கேட்கத் தோன்றவில்லையா? டீக்கடையும் போய், தெருவும் போய், முகம் தெரியாத இடத்தில் வந்து உட்காரப்போகிறவர் அவர். ஃப்ளாட்டில் குடியிருக்கிற யாரையாவது கேட்டுப்பாருங்கள். முதலில் நாயின் பெயர்தான் எல்லாருக்கும் தெரியும், 'ஜாம் தாத்தா' என்பது அதற்கப்புறம் வரும். அந்த நாய் இருந்தால் ஒரு நாளைக்கு மூன்று தரம் கீழே இறங்கியாக வேண்டும். இல்லையென்றால் டிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார், அப்புறம் சர்க்கரை ஏறிவிட்டது என்று இன்னொரு கடிதம் போடுவீர்கள்.

மதுராந்தகம் தோட்டம் வேண்டாம். 'பெரிய இடம், ஜாலியா ஓடி விளையாடும்' என்றுதானே நண்பர் சொன்னார்? ராத்திரி அங்கே யார் படுக்கிறார்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். யாரும் படுப்பதில்லை, அதனால்தான் நாய் தேவைப்படுகிறது. மோட்டார் கொட்டகையில் சங்கிலி, வாட்ச்மேன் நினைத்தால் சோறு, மழைக்காலத்தில் உண்ணி, உண்ணியிலிருந்து காய்ச்சல். கட்டிலுக்கு அடியில் தூங்கிய நாய்க்கு இதுதான் ஓடி விளையாடுவதா? அதோடு, வருகிறவன் மடியிலெல்லாம் தலை வைக்கிற நாய் காவலுக்கு எப்படி உதவும்? ஆறு மாதத்தில் அவர்களே அவிழ்த்துவிடுவார்கள்.

ப்ளூ கிராஸ் 1959இல் தொடங்கியது, அடிபட்டதும் நாதியில்லாததும் போய்ச் சேர்கிற இடம். சோறும் கட்டிலும் ஆளும் இருக்கிற நாயை அங்கே கொண்டுபோய் விட்டால், லாரியில் அடிபட்ட இன்னொன்றின் இடத்தை அடைக்கிறீர்கள். தெருவில் விடுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960ஆம் வருஷத்து விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய். பேக்கரியில் ஒரு பப்ஸும் டீயும் சாப்பிட்டால் ஆகிற காசு. அதனால் சட்டத்துக்குப் பயந்து நல்லவராக இருங்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எல்லாம் பேசிய பிறகு உங்கள் மாமனாரே, 'என்னால் முடியலைம்மா, நல்ல இடமா பார்த்துக் கொடுத்துடலாம்' என்று சொன்னால், அப்போது தேடலாம். அவரையும் கூட்டிக்கொண்டு போய்த் தேடுங்கள். 'இலவசமாகக் கிடைக்கும்' என்று எங்கும் போடாதீர்கள். சும்மா வருகிறதே என்று வருகிறவன் சும்மாவே விட்டும் விடுவான். கேட்கிறவர் வீட்டுக்கு நேரில் போங்கள், ஒரு தரம் சொல்லாமலும் போங்கள். இதற்கு முன் நாய் வளர்த்தீர்களா, அது என்னவாயிற்று என்று கேளுங்கள். பதில் சொல்லும்போது முகத்தைப் பாருங்கள். வீட்டில் எல்லாருக்கும் சம்மதமா என்று தனித்தனியாகக் கேளுங்கள், இந்தக் கேள்வியின் அருமை இப்போது உங்களுக்குத் தெரியும். ஒத்துவராவிட்டால் வேறு யாருக்கும் கொடுக்காமல் எங்களுக்கே திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். முதல் ஒரு வாரம் சோதனைக்கு விடுங்கள்.

நாயைக் கொடுக்கும்போது கட்டிலடியில் அது படுக்கிற பழைய வேட்டியையும் கொடுத்தனுப்ப வேண்டும், துவைக்காமல். வாசனைதான் அதற்குத் தெரிந்த ஊர். என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு என்று எழுதிக் கொடுங்கள். கழுத்துப் பட்டையில் ஃபோன் நம்பர் தொங்க வேண்டும், புது வீட்டு நம்பரும் உங்கள் நம்பரும். புது இடத்திலிருந்து நாய் ஓடிப்போவது பெரும்பாலும் முதல் சில நாளில்தான், அதனால் பட்டை ஒன்று, மார்புவார் (ஹார்னஸ்) ஒன்று என்று இரண்டு கயிறு போட்டுத்தான் வெளியே கூட்டிப்போகச் சொல்லுங்கள். பயம் தெளிய மூன்று நாள், பழக்கம் பிடிபட மூன்று வாரம், இது நம் வீடு என்று ஆக மூன்று மாதம் என்று நாய்களை மீட்டுக் கொடுக்கிறவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். 'யாரிடமும் ஒட்டிக்கொள்ளும், அதனால் சீக்கிரம் மறந்துவிடும்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நம்பாதீர்கள். முதல் மூன்று நாள் தண்ணீர்கூடத் தொடாமல் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்த பாசக்கார நாய்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இந்தப் பாரா உங்களுக்குத் தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன். நாளைக் காலையில் இட்லியை ஹாட்பேக்கில் போட்டுவிட்டு, நீங்களும் அவரோடு டீக்கடைக்குப் போங்கள். செயலாளர் சொன்னதை அங்கே வைத்துச் சொல்லுங்கள். கணவரையும் இழுத்துக்கொண்டு போங்கள்.

திருச்சிக்கு ஜாமையும் கூட்டிப்போகிறேன் என்று அவர் ஆரம்பித்தால்: ரயிலில் முதல் வகுப்பு ஏசியில் கதவுள்ள தனி அறை (கூப்பே அல்லது கேபின்) முழுவதையும் எடுத்தால்தான் நாயைக் கூட வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் ரயில் கார்டு போகிற பெட்டியில் நாய்க்கூண்டில்தான் போக வேண்டும். அதில் அனுப்ப அவர் மனசு கேட்காது. கார் பேசிவிடுங்கள். வாடகையை உங்கள் கணவர் கொடுக்கட்டும்.