மழைக்காலத்தில் ரோபோ மாதிரியின் மேட் பூச்சு வெளுத்துப்போவது ஏன்?

மும்பையில் ஜூலை மாதத்தில் 1/144 அளவுள்ள (அசலில் 144-இல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் ரோபோ மாதிரியைக் கோத்து முடித்து, பளபளப்பில்லாத மேட் ஸ்பிரே அடித்ததும் கருநீலப் பாகங்களின்மேல் சாம்பல் பூத்ததுபோல் வெண்மை படர்ந்துவிட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். பிளாஸ்டிக்கில் குறை இல்லை. காரணம் காற்றின் ஈரம். ஸ்பிரேயில் உள்ள கரைப்பான் விரைவாக ஆவியாகும்போது பரப்பின் வெப்பத்தையும் எடுத்துச் செல்வதால், குளிர்ந்த அந்தப் பூச்சின்மேல் காற்றிலுள்ள நீராவி நுண்துளிகளாகப் படிந்து, உலர்கிற படலத்துக்குள் சிக்கி ஒளியைச் சிதறடிக்கிறது. அடர்நிறப் பாகங்களில்தான் இது பளிச்சென்று தெரியும்.

மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீட்டு பால்கனியில், மழை சற்று ஓய்ந்த ஒரு மாலையில் அடித்தபோது, எனக்கும் ஒரு தோள்கவசம் இப்படியே வெளுத்தது. அதைச் சுரண்டவில்லை, நன்கு உலரவிட்டு, வெயில் வந்த நாளில் பளபளப்பான, நிறமற்ற கிளியர் பூச்சை மெல்லியதாக அடித்தேன். அதன் கரைப்பான் பழைய படலத்தை இளக்கியதால் வெண்மை பெரும்பாலும் மறைந்தது. பிறகு மேட் பூச்சை மீண்டும் அடித்தேன். உங்களுடையதையும் இவ்வாறே மீட்க முயலலாம், ஆனால் முதலில் ஒரு சிறிய பாகத்தில் சோதித்துப் பாருங்கள்.

இனி அடிக்கும்போது சுமார் 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி நின்று, மெல்லிய பல பூச்சுகளாக அடியுங்கள். மழை விடாத வாரங்களில் நீரில் கரையும் அக்ரிலிக் மேட் வார்னிஷைத் தூரிகையால் பூசுவதே நல்லது என்பது என் கருத்து.